மறுமணத்துக்கு முன் கைக்கு வரவேண்டிய கடதாசிகள்

மணமுறிவுக்குப் பின் நாற்பது, ஐம்பது வயதில் இன்னொரு துணையைத் தேடிக்கொள்ள இலங்கைச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இத்தகைய திருமணங்களைக் குலைப்பது ஊர்வாய் மட்டுமல்ல. முடிக்காமல் விட்ட பழைய வழக்கும் எழுதாமல் விட்ட உறுதியும் அதே அளவு கெடுக்கின்றன.

பத்து வருடம் பிரிந்திருந்தாலும் அது விவாகரத்து ஆகாது. பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய பிரிவுக் கடிதமும் சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியும் ஆகாது. எழுத்து (பதிவு) வைக்காமல், முறைப்படி தாலி கட்டி நடந்த முதல் கலியாணமும் செல்லுபடியான திருமணமே. அதைக் கலைக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கே உண்டு. இருவரும் சம்மதித்தால் மட்டும் போதாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஏற்கும் காரணங்கள் பிறர்மனை உறவு, வன்மமாகக் கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை ஆகியவை.

வழக்கு வென்றவர்களும் தவறுவது அடுத்த படியில். முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. வழக்கறிஞர்கள் ‘டிக்ரி நைசை’ என்பார்கள். குறைந்தது 3 மாதம் கழிந்த பின்பே அது முடிவான தீர்ப்பாணையாகும். அதுவரை முந்திய திருமணம் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் நடக்கும் கலியாணம் செல்லாது. இருதார மணத்துக்கு 7 ஆண்டுவரை சிறையும் உண்டு. வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, நீதிமன்ற முத்திரையுடன் முடிவான தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்கவேண்டும். சாதாரண போட்டோப் பிரதியோடு பதிவாளரிடம் போவது வீண் அலைச்சல். எந்தப் பிரதி வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லாமல் சனத்தைத் திருப்பி அனுப்பும் கந்தோர்களும் திருந்தவேண்டும்.

மறுமணத்துக்குப் பிள்ளைகள் காட்டும் எதிர்ப்புக்குப் பின்னால் அனேகமாக ஒரு காணி இருக்கும். அது கைவிட்டுப் போகும் என்ற பயம் ஆதாரமற்றதல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. கணவன் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். அது இன்னொரு வழக்கு. விவாகரத்தானவளுக்கு இந்தக் கட்டு இல்லை. மறுமணத்தோடு அது திரும்பவும் வந்துவிடும். மகளுக்கு வீடு கொடுக்க நினைக்கும் தாய், மறுமணத்துக்கு முன்பே பிரசித்த நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிவு செய்யவேண்டும். தான் சாகும்வரை அங்கேயே குடியிருக்க விரும்பினால் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுவிக்கலாம். புதுத் துணையிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

‘மரணசாசனம் எழுதியாச்சு’ என்று இருந்துவிடக் கூடாது. மறுமணம் முந்திய மரணசாசனத்தை இல்லாமல் ஆக்கிவிடும். மறுமணப் பதிவு முடிந்ததும் புதிதாக ஒன்று எழுதவேண்டும். அதற்கு மனைவிக்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை.

மறுமணம் செய்த தந்தைக்கும் முதல் பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமை நீங்காது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பணம் கோரலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் வருமான விபரத்தோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதிகள் எல்லாவற்றையும் முதல் முறையே கொண்டுபோகவேண்டும். நாள் குறிப்பது முடிவான தீர்ப்பாணை கைக்கு வந்த பிறகுதான்.