முழங்கால் ஜவ்வு கிழிந்தால் முடங்க வேண்டுமா?

பழவேற்காடு ஏரியோர மீனவர் குப்பங்களில் மளிகைக் கடை நடத்தும் நம் வணிகர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டில் படகேறும் ஆள் படுத்துவிட்டால், கடன் நோட்டில் அந்த வீட்டுப் பக்கம் நீளும். அப்படி ஆளை உட்கார வைக்கும் கோளாறுகளில் ஒன்று முழங்கால் ஜவ்வுக் கிழிசல். மூட்டை தூக்கும் நமக்கும், குந்தி உட்கார்ந்து சரக்குப் பிரிக்கும் நமக்கும் இது வரக்கூடியதே.

ஒவ்வொரு முழங்காலிலும் பிறை வடிவில் இரண்டு ஜவ்வுகள் உண்டு. உடல் பாரத்தைத் தாங்கிப் பரப்புவது அவற்றின் வேலை. பாதம் ஊன்றியிருக்க, மடங்கிய முழங்கால் திருகினால் ஜவ்வு கிழியலாம். சேற்றில் கால் பதிந்தபடி படகைத் தள்ளித் திரும்புவதும், தோளில் அரிசி மூட்டையோடு சட்டென்று திரும்புவதும் முழங்காலுக்கு ஒன்றுதான். நாற்பது வயதைத் தாண்டினால், பெரிய அடி எதுவும் படாமலே ஜவ்வு தேய்ந்து கிழிவதும் உண்டு.

மூட்டின் ஓரத்தில் வலி, ஓரிரு நாளில் வீக்கம், நடக்கையில் கால் நழுவுதல், நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவர் காலை மடக்கித் திருப்பிப் பார்த்தே பெரும்பாலும் ஊகித்து விடுவார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

ஸ்கேனில் கிழிசல் என்றதும் பதற வேண்டாம். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2008ல் வெளியிட்ட ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியே இல்லை. தேய்மானக் கிழிசலுக்கு ஜவ்வை வெட்டி எடுத்தவர்களும், வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஓராண்டில் ஒரே அளவு நலம் பெற்றதாக 2013ல் பின்லாந்து மருத்துவர்கள் கண்டனர். எனவே இத்தகைய கிழிசலுக்கு முதல் மருந்து ஓய்வும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும்தான். வீக்கத்துக்கு, மீனுக்குப் போடும் ஐஸையே துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கலாம்.

ஆனால் அடிபட்டுக் கால் பூட்டிக்கொண்டால் நாள் கடத்தக் கூடாது. உருவி, இழுத்து விடவும் கூடாது. உடனே எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஜவ்வின் வெளி ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்து ஆற்ற வாய்ப்பு அதிகம். 1883லேயே எடின்பரோவில் தாமஸ் அன்னாண்டேல் என்ற மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஜவ்வைத் தைத்திருக்கிறார். இன்று சிறு துளை வழியாகவே இதைச் செய்கிறார்கள். தைத்த பிறகு பல வாரம் காலுக்குப் பாரம் கொடுக்காமல் காக்க வேண்டியிருக்கும்; அதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கடைக்கு வரும் மீனவர் காலை இழுத்து இழுத்து நடந்தால், பாக்கியைக் கேட்கும் முன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நம் காலையும் கவனிப்போம்: மூட்டையோடு திரும்பும்போது இடுப்பையும் முழங்காலையும் முறுக்காமல், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புவோம்.