நேற்று வரை நன்றாக இருந்த பேட்டரி

பேட்டரிக் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும்: “நேத்து ராத்திரிகூட ஒரே செல்ஃப்ல எடுத்துச்சே அண்ணே, இன்னைக்கு எப்படி ஒரேயடியா போகும்?” கேட்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பேட்டரி ஒரே ராத்திரியில் போகவும் இல்லை. பல மாதமாகப் போய்க்கொண்டிருந்தது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

பேட்டரியின் பெரிய செலவு செல்ஃப் எடுப்பதுதான் என்றே பலரும் நினைக்கிறோம். சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் 150, 200 ஆம்பியர் இழுப்பது உண்மை. ஆனால் இரண்டு விநாடியில் வேலை முடிந்துவிடும். கணக்குப் போட்டால் ஒரு ஸ்டார்ட்டுக்குச் சுமார் 0.1 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் பரவலாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அதற்கு இதெல்லாம் சில்லறை. அதே காரைப் பூட்டிவிட்டுப் போனால் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், தூங்காத கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் குடிக்கின்றன. பழுது எதுவும் இல்லாத காருக்கே இது சகஜம். நாலு மணி நேரம் சும்மா நின்றால் ஒரு ஸ்டார்ட்டுக்கான மின்சாரம் போயிருக்கும். மூன்றரை வாரம் நின்றால் பேட்டரியில் பாதி காலி. 2020 ஊரடங்கு தளர்ந்ததும் தெருவுக்குத் தெரு கார்கள் தள்ளப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

இறங்கிய பேட்டரியை மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே? ஏற்றலாம், உடனே செய்தால். தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும்.

உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். பாசிட்டிவ் தகட்டில் ஈய டை ஆக்சைடு, நெகட்டிவ் தகட்டில் நுண்துளைகள் நிறைந்த ஈயம், இடையே நீர் கலந்த கந்தக அமிலம். 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாந்தே அமைத்த அதே வேதியியல். 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்து, கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலையை ஒழித்த நாளிலிருந்து கார்களோடு ஒட்டிக்கொண்டது. இதற்குள் ஐன்ஸ்டைனும் இருக்கிறார். ஈய அணு கனமானது. அதன் எலெக்ட்ரான்கள் செல்லும் வேகத்தில் சார்பியல் விளைவுகளை ஒதுக்க முடியாது. ராஜீவ் அஹுஜா, பெக்கா பியூக்கோ உள்ளிட்டோர் 2011இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியலின் கொடை என்று தெரிந்தது. ஈயத்தின் உறவுக்கார உலோகமான வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரி செய்ய முடியாததற்கும் அதுவே விளக்கம்.

மின்சாரம் எடுக்க எடுக்க, அமிலத்தின் கந்தகப் பகுதி தகடுகளில் ஏறி, இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். புதிதாகப் படிந்த சல்பேட் பொடிப்பொடியாக இருக்கும், சுலபமாகக் கரையும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தப் பொடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படிகங்களாகிவிடும். பொடிச் சர்க்கரை கரைகிற வேகத்தில் கல்கண்டு கரையாது, இல்லையா? அப்படிக் கரையாமல் தங்கியதெல்லாம் நிரந்தர இழப்பு. 35 ஆம்பியர்-மணி பேட்டரி, லேபிள் மாறாமலே 20 ஆகிவிடும். ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவது இதற்கு வைத்தியமில்லை. ஆல்டர்னேட்டர் முக்கால்வாசியை ஏற்றிவிடும். கடைசிப் பங்கு மெதுவாகத்தான் ஏறும். சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டால்தான் முழுசாக ஏறும்.

இது சோம்பேறிக் காரின் நோய். தினமும் ஓடும் காருக்கு எதிரி வேறு: வெயில்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 25 டிகிரியில் ஆறு வருடம் உழைக்கக்கூடிய பேட்டரி, தொடர்ந்து 35 டிகிரியில் இருந்தால் மூன்று வருடத்தைத் தாண்டுவதே பெரிது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருச்சியிலும் வெளியே 40 டிகிரி; டிராஃபிக்கில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் தண்ணீர் வற்றுகிறது. அதைவிட மோசமாக, பாசிட்டிவ் தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது. அரித்த ஈயம் ஈய டை ஆக்சைடாக மாறிப் பருக்கிறது. சட்டம் விரிந்து, நெளிந்து, கடைசியில் முறிகிறது. பிடிமானம் போன பொருள் உதிர்ந்து அடியில் சேறாகத் தேங்குகிறது. அந்தச் சேறு இரண்டு தகடுகளைத் தொட்டுவிட்டால் ஷார்ட். மெக்கானிக் சொல்லும் “ஒரு செல் போச்சு” இதுதான். மீட்டர் 12.6க்குப் பதில் 10.5 காட்டும். சல்பேட் ஏறிய பேட்டரியையாவது ஓரளவு தேற்றலாம். அரித்த சட்டத்துக்கு எந்தச் சார்ஜரும் உதவாது.

இனி அந்தக் கடைக்காரரிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். பனி நாடுகளிலும் பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் கோடைதான். ஆனால் கெட்டது குளிர்காலக் காலையில் அம்பலமாகிவிடும். குளிரில் பேட்டரியின் வலு குறைகிறது, எஞ்சின் ஆயில் கெட்டியாகிறது, செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. வண்டிக்காரர் உஷாராகிவிடுவார். நமக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. மார்கழியிலும் ஆயில் இளகித்தான் இருக்கிறது. போதாதற்கு, பழைய கார்புரேட்டர் வண்டிகள் பத்து விநாடி முக்கிமுனகி எச்சரிக்கை கொடுக்கும். இன்றைய எஞ்சின் ஒரே சுற்றில் பற்றிக்கொள்கிறது. பாதி செத்த பேட்டரிகூடப் பாஸ் ஆகிவிடுகிறது.

பச்சைக் கண்ணை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பேட்டரியின் மேலே சார்ஜைக் காட்டும் அந்தக் கண் ஆறு செல்களில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. மற்ற ஐந்தில் எது படுத்தாலும் அது பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். வெறும் வோல்ட் மீட்டரும் முழு உண்மை சொல்லாது. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி என்பதெல்லாம் சார்ஜின் அளவு. தகடுகளின் ஆரோக்கியம் அல்ல. அதைப் பார்க்க லோடு கொடுக்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம்: மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்துக்கொண்டு இன்னொருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். முழுச் சார்ஜிலும் 9.6க்குக் கீழே விழுந்தால் கடைக்குப் போகும் வேளை வந்துவிட்டது. மூன்றாவது கோடை முடிந்ததும் இதைச் செய்து பார்ப்பது, வாரண்டி அட்டையைப் புரட்டுவதைவிடப் பயன் தரும்.

சில பழக்கங்களை விட்டொழிக்கலாம். வற்றியது தண்ணீர்தான், அமிலம் அல்ல. ஆகவே ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. ‘புது ஆசிட் ஊற்றித் தருகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது அம்பாசிடர் காலத்து வித்தை. இன்று அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, கம்ப்யூட்டரே போகலாம்.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இன்று விற்கும் பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் ஓரமாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, பலவற்றில் அதே ஈய-அமில வகை. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களுக்கு அதுதான் உயிர் கொடுக்க வேண்டும். அது இறங்கிவிட்டால், காரின் தளத்துக்கு அடியில் 300 கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம் இருந்தும் கார் அசையாது.