இயந்திரம் மாற்றிய வண்டியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கடினமாவது ஏன்?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆயினும் இயந்திரங்களோடு அவ்வூர் மக்கள் கொண்ட பழக்கம் மறைந்துவிடவில்லை. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரத்தைப் பெற்ற ஊர் அது. 1964-இல் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் புல்டோசர்கள் அங்குள்ள தொழிற்சாலையில் உருவாகின்றன. இத்தகைய ஊர்களில் பழைய வண்டியை எளிதில் கைவிட மாட்டார்கள். தேய்ந்துபோன பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துவிட்டு, எரிபொருட் செலவைக் கருதி, டீசல் இயந்திரம் பொருத்திய பிக்கப் வண்டிகளைக் காண்பது அரிதன்று.

அவ்வாறு மாற்றிய வண்டி நன்றாக இழுக்கும், சுமையும் தாங்கும். ஆனால் பிரேக் மிதி கல்லைப் போல் கடினமாகிவிட்டது என்றும், நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்ப இரு கைகளும் போதவில்லை என்றும் ஓட்டுநர் முறையிடுவார். உடனே பிரேக் லைனிங் மாற்றப்படும். மாஸ்டர் சிலிண்டர் புதிதாக வாங்கப்படும். ஸ்டியரிங் பெட்டியும் பிரிக்கப்படும். பணம் செலவான பின்னரும் குறை அப்படியே இருக்கும். ஏனெனில், பெரும்பாலும் பழுது அந்த உறுப்புக்களில் இல்லை. அவற்றுக்குத் துணைவிசை தந்துவந்தது பழைய இயந்திரம். அது போனபோது துணைவிசையும் போயிற்று.

பிரேக்கை முதலில் கருதுவோம். மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் பூஸ்டர் என்னும் வட்டமான தகரக் கலம் உண்டு. அதன் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. சவ்வின் இரு பக்கத்திலும் காற்று அகற்றப்பட்டிருக்கும். மிதியை அமுக்கியதும் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிக்காற்று புகுந்து சவ்வைத் தள்ளுகிறது. வெற்றிடம் இழுக்கிறது என்று மாணவர் சொல்வது வழக்கம். உண்மையில் தள்ளுவது வளிமண்டலமே என்பதை வகுப்பில் விளக்க இதைவிடச் சிறந்த சாதனம் கிடைப்பது அரிது. சவ்வின் விட்டம் 20 சென்டிமீட்டர் எனின் அதன் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். இரு பக்கத்துக்கும் அழுத்த வேறுபாடு பாதரசத்தில் 50 சென்டிமீட்டர் அளவு இருந்தால், சவ்வின் மீது விழும் விசை 200 கிலோகிராமுக்குச் சற்று அதிகமாகும். காலின் பலம் இதற்கு ஈடாகாது.

இந்த வெற்றிடம் பெட்ரோல் இயந்திரத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் உறிஞ்சுவழியில் உள்ள திராட்டில் தகடு காற்றைத் தடுப்பதால், தகட்டுக்கு அப்பால் அழுத்தம் குறைந்தே இருக்கும். சாதாரண டீசல் இயந்திரத்தின் வேகமோ உட்செலுத்தும் எரிபொருளின் அளவால் கட்டுப்படுவது. காற்று தடையின்றிப் புகுவதால் அங்கே பயன்படத்தக்க வெற்றிடம் உண்டாவதில்லை. பழைய ரப்பர் குழாயை டீசல் இயந்திரத்தின் உறிஞ்சுவழியில் செருகிவிட்டு வேலை முடிந்தது எனக் கருதுவது, வற்றிய கிணற்றில் ராட்டினம் அமைப்பதை ஒக்கும். டீசல் இயந்திரத்துக்குத் தனி வெற்றிடப் பம்பு வேண்டும்.

நம் நாட்டுச் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் இப்பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் இணைந்திருக்கும். இயந்திரத்தை மாற்றுவோர் பம்பு இல்லாத வேறு ஆல்டர்னேட்டரைப் பொருத்திவிட்டால் பிரேக்கின் துணை அன்றே போயிற்று. பம்பு இருந்தாலும் அதற்கு உயவு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயை இணைக்க மறந்தால் சில நாட்களில் அதன் தகடுகள் தேய்ந்துவிடும். மின்கலம் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிவதும் மிதி கடினமாவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால், இரண்டையும் சுழற்றும் பெல்ட் வழுக்குகிறது அல்லது அறுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இயந்திரத்தை நிறுத்தி, மிதியை ஐந்தாறு முறை மிதித்து, பூஸ்டரில் எஞ்சிய வெற்றிடத்தைத் தீர்க்க வேண்டும். பின்னர் மிதியை அமுக்கியபடியே இயந்திரத்தை இயக்கினால் மிதி காலின் கீழ் சற்று இறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டருக்கு வெற்றிடம் வந்து சேரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. இறங்கினால், இயந்திரத்தை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சிறிது நேரம் கழித்து மிதிக்க வேண்டும். முதல் இரண்டொரு மிதிகளாவது இலகுவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒருவழி வால்வு சரியாக மூடாதிருக்கலாம், அல்லது எங்கோ கசிவு உண்டு. காலையில் நன்றாயிருந்து, இயந்திரம் சூடேறிய பின் மிதி கடினமானால் குழாயைப் பார்க்க வேண்டும். வெற்றிடத்துக்கென்று செய்யப்படாத மெல்லிய ரப்பர் குழாய் வெப்பத்தில் இளகி உட்புறமாக ஒட்டிக்கொள்ளும்.

இடத்தின் உயரமும் இதில் தொடர்புடையது. கடற்கரையில் வளிமண்டல அழுத்தம் பாதரசத்தில் 76 சென்டிமீட்டர். ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்திலுள்ள தங்கவயலில் அது 69 சென்டிமீட்டர் அளவே, உதகமண்டலத்தில் 58. தள்ளுவது வளிமண்டலம் ஆகையால், பூஸ்டர் தரக்கூடிய மிகுதியான துணைவிசை தங்கவயலில் பத்தில் ஒரு பங்கும், உதகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும் குறைந்துவிடும். சமவெளியில் குறை காட்டாத தளர்ந்த பம்பு மேட்டு நிலத்தில் அகப்பட்டுக்கொள்வது இதனால்தான்.

கடினமான மிதியையும் மெத்தென்ற மிதியையும் குழப்பிக்கொள்ளலாகாது. மிதி மெத்தென்று இறங்கினால் குறை பிரேக் ஆயிலில் இருக்கிறது. காற்றுக்குமிழோ ஆவியோ புகுந்துள்ளது. இயந்திரம் மாற்றிய வண்டியில் இதற்கும் தனிக்காரணம் ஒன்று உண்டு. புதிய இயந்திரத்தின் புகைக்குழாய் மாஸ்டர் சிலிண்டரை அல்லது பிரேக் குழாயை ஒட்டிச் செல்லும்படி அமைந்துவிடலாம். ஈரம் ஏறிய சாதாரண பிரேக் ஆயில் 140 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கக்கூடும். வெங்கடகிரிக்கோட்டை வழியாகப் பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைப்பாதையில் அடிக்கடி பிரேக்கை மிதித்துச் செல்லும் வண்டிக்கு இது பெருங்கேடு. புகைக்குழாயை விலக்குவதோ, இடையே தகட்டு மறைப்பு அமைப்பதோ, ஆயிலை முழுதும் மாற்றுவதோடு சேர்த்துச் செய்யப்பட வேண்டும்.

ஸ்டியரிங்குக்குத் துணைவிசை தருவது எண்ணெய்ப் பம்பு. அதனையும் இயந்திரமே பெல்ட்டால் சுழற்றுகிறது. டீசல் இயந்திரம் பொதுவாகக் குறைந்த வேகத்தில் ஓடுவதால், பழைய அளவிலான புல்லியையே வைத்தால் பம்பு மெதுவாகச் சுழலும். நிற்கும்போது ஸ்டியரிங் கடினம், ஓடும்போது இலகு என்றால் இதனை ஐயுறலாம். முழுதும் திருப்பும்போது கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. எண்ணெய் நுரைத்து முனகல் ஒலி கேட்டால் காற்று புகுந்துள்ளது. முன் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, முட்டுக்கொடுத்து, இயந்திரத்தை நிறுத்தியபடி திருப்பிப் பார்ப்பது நல்லது. அப்போதும் சில இடங்களில் மட்டும் இறுகினால் பம்பின்மேல் குற்றமில்லை. புதிய இயந்திரத்துக்கு இடம் தரும்பொருட்டு வளைக்கப்பட்ட ஸ்டியரிங் தண்டின் இணைப்பு உரசுகிறது. டீசல் இயந்திரத்தின் மிகுந்த எடை முன் வில்களைத் தாழ்த்திச் சக்கரங்களின் சாய்வை மாற்றியிருப்பதும் உண்டு. அழுத்தக் குழாயின் கசிவை விரலால் தடவித் தேடுவது கூடாது. மெல்லிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது.

சில அயல்நாட்டுப் பிக்கப் வண்டிகளில் ஸ்டியரிங் பம்பின் எண்ணெயே பிரேக்குக்கும் துணைபுரிகிறது. அவற்றில் இரண்டும் ஒருசேரக் கடினமானால் பம்பையே முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் திரும்பிவரும் இரு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பிரேக் தானே பிடிப்பதும் நேரும்.

தங்கவயல் முதியோருக்குச் சுரங்கக் கூண்டின் ஏற்றப் பொறி நினைவிலிருக்கும். அத்தகைய பொறிகளில் பிரேக்கைப் பிடிப்பது பளுவோ சுருள்வில்லோ. அதனை விலக்கி வைப்பதே காற்றழுத்தம் அல்லது எண்ணெய் அழுத்தம். அழுத்தம் போனால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். சிறு வண்டியின் பூஸ்டர் இதற்கு நேர்மாறானது. துணைவிசை போனால் பிரேக் பலவீனப்படுகிறது. ஆனால் முற்றும் அற்றுப்போவதில்லை. மிதிக்கும் சக்கரங்களுக்கும் உள்ள எண்ணெய்த் தொடர்பு அப்படியே இருக்கிறது. இதை அறியாத ஓட்டுநர் பிரேக்கே இல்லை என்று அஞ்சி மிதியை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் மிதிப்பார். ஒவ்வொரு மிதியும் எஞ்சிய வெற்றிடத்தைச் செலவிடும். மிதியை விடாமல் காலின் முழுப் பலத்தையும் கொடுத்து அமுக்குவதும், கீழ்க் கியருக்கு மாற்றுவதுமே வண்டியை நிறுத்தும். எரிபொருளை மிச்சப்படுத்த இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தும் பழக்கம் இவ்வண்டிகளில் இரு துணைகளையும் ஒருங்கே அறுத்துவிடுகிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, இயந்திர மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் முன், மேற்கூறிய மிதிச் சோதனையைக் காலியான சமதரையில் முதலிலும், சுமையேற்றி இயந்திரம் நன்கு சூடேறிய பின் மறுமுறையும் செய்து பார்த்தல் வேண்டும்.