‘கவுன்சிலிங் போகணும்... ஆனா யார்கிட்ட?’ - தெரபிஸ்ட்டைத் தேடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு பதினொன்றரை மணி. சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. பக்கத்துக் கட்டிலில் தோழி தூங்கிவிட்டார். 27 வயதான அந்த ஐ.டி. ஊழியர் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு கூகுளில் தேடுகிறார்: ‘பெஸ்ட் தெரபிஸ்ட் இன் சென்னை’. நான்கரை நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம், சிரித்த முகங்கள், ‘முதல் சிட்டிங்கில் தள்ளுபடி’. பிரியாணிக் கடை தேடுவது மாதிரியே இருக்கிறது. ரிவ்யூ அதிகம் இருந்த ஒருவரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டார். நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு அந்த கவுன்சிலர் சொன்னது இதுதான்: “உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோங்க, எல்லாம் சரியாயிடும்.”

1,200 ரூபாய் கட்டிவிட்டு வெளியே வந்தவர், அதன்பிறகு எட்டு மாதம் யாரிடமும் போகவில்லை. தூக்கம் வராத இரவுகள் மட்டும் அப்படியே தொடர்ந்தன.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பிரச்சினையின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. வெட்கம், பணம், தூரம் எனக் காரணங்கள் பல. ஆனால், தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போய், தப்பான ஆளிடம் மாட்டி, ‘நமக்கு இதெல்லாம் செட் ஆகாது’ என்று திரும்பி வருபவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. செட் ஆகாதது தெரபி அல்ல, அந்த ஆள். இது புரியாமலேயே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

யார் டாக்டர், யார் கவுன்சிலர்?

தமிழில் வார்டு கவுன்சிலருக்கும் மனநல கவுன்சிலருக்கும் ஒரே சொல்தான். முன்னவர் ஆவதற்குத் தேர்தலில் நின்றாக வேண்டும். பின்னவர் ஆவதற்குச் சில வார ஆன்லைன் சான்றிதழும் ஒரு போர்டும் போதும் என்ற நிலைதான் பல ஊர்களில். ஆகவே, பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். இவரால் மருந்து எழுத முடியும். மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பெரும்பாலும் உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். படித்தவர். மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் இவர் வேலை. இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், சுருக்கமாக ஆர்.சி.ஐ.யின், பதிவு கட்டாயம்.

அந்தப் பதிவைச் சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆர்.சி.ஐ.யில் சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்ற வேறு பிரிவினரும் பதிவு செய்கிறார்கள். ‘ஆர்.சி.ஐ. ரிஜிஸ்டர்டு’ என்று விசிட்டிங் கார்டில் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பிரிவில், எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

அப்படியானால் ஆர்.சி.ஐ. எண் இல்லாதவர் எல்லாம் போலியா? இல்லை. கவுன்சிலிங் சைக்காலஜியில் எம்.எஸ்சி. முடித்து, ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, நல்லபடியாக வேலை செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வேலை அழுத்தம், காதல் முறிவு, குடும்பச் சிக்கல் போன்றவற்றுக்கு அவர்களிடம் தாராளமாகப் போகலாம். இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நடைமுறையில் அது இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதுவரை சோதிக்கும் பொறுப்பு, பாவம், ஏற்கெனவே மனசு சரியில்லாமல் தேடுபவரின் தலையில்தான் விழுகிறது. ‘என்ன படிச்சிருக்கீங்க, எங்க ட்ரெய்னிங் எடுத்தீங்க, உங்க கேஸ்களை உங்களுக்கு மேல யாராவது பார்க்கிறாங்களா?’ இந்த மூன்றையும் முதல் போன் காலிலேயே கேட்டுவிடலாம். நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அதுவே பதில்.

யாரிடம் முதலில் போவது என்ற குழப்பத்துக்கு ஓரளவு விடை இருக்கிறது. தூக்கம், பசி, வேலை மூன்றும் வாரக்கணக்கில் குலைந்திருந்தாலோ, காதில் குரல் கேட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, நேராக மனநல மருத்துவர். மற்றதற்கு உளவியலாளரிடம் தொடங்கலாம். தேவைப்பட்டால் அவரே அனுப்பிவைப்பார். அதோடு குடும்ப டாக்டரிடம் ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுவது நல்லது. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் சோர்வையும் மனத்தளர்ச்சி போன்ற நிலையையும் கொண்டுவரும்.

ஆன்லைனா, நேரிலா?

தேனியிலோ திருவாரூரிலோ இருப்பவருக்கு ஆன்லைன் பெரிய வரம். ‘அந்த கிளினிக் வாசல்ல உன் பையனைப் பார்த்தேனே’ என்று யாரும் அப்பாவிடம் சொல்லப் போவதில்லை. பதற்றம், மிதமான மனச்சோர்வு போன்றவற்றுக்கு வீடியோ வழி சிகிச்சையும் நன்றாகவே பலன் தருகிறது. சிக்கல் வேறு இடத்தில். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது எங்கே உட்கார்ந்து அழுவது? மொட்டை மாடி, பார்க்கிங்கில் நிற்கும் கார், ஆபீஸில் காலியாக இருக்கும் மீட்டிங் ரூம் என்று இடம் தேடுபவர்கள் ஏராளம். அந்த ஒரு மணி நேரத் தனிமை கிடைக்காது என்றால் ஆன்லைனில் பணம் கட்டுவது வீண். நேரில் போவதே மேல். உயிருக்கு ஆபத்தான எண்ணங்கள் இருந்தாலும் நேரில்தான். ஆன்லைனில் எல்லா மருந்தையும் எழுதவும் முடியாது. 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களில் சில மருந்துகளுக்குத் தடை இருக்கிறது.

செயலி மூலம் போகிறவர்கள், ‘நான் சொல்வது எங்கே போகிறது?’ என்று கேட்பது சந்தேகப் புத்தி அல்ல. அமெரிக்காவின் பெரிய ஆன்லைன் தெரபி நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களுடன் விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பதிவு செய்யும்போது கேட்கும் நீண்ட கேள்விப் பட்டியலை அவசரமாக நிரப்பும் முன், பிரைவசி பக்கத்தை ஒருமுறை புரட்டிவிடலாம். தெரபிஸ்ட்டின் முழுப்பெயரையும் தகுதியையும் பணம் கட்டும் முன்பே காட்டாத செயலியைத் தவிர்ப்பது நல்லது.

மொழியும் முக்கியம். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுபவருக்குக்கூட, ‘மனசு கனமா இருக்கு’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் பாதிதான் வந்து சேரும். தேடும்போதே தமிழ் என்று வடிகட்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசுக்கு எங்கே போவது?

தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை ஆகும். வாரம் ஒருமுறை என்றால் மாத பட்ஜெட்டில் துண்டு விழும். ‘இந்தத் தொகை எனக்குக் கஷ்டம், குறைக்க முடியுமா?’ என்று கேட்கலாம். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் ஊழியர் நலத் திட்டத்தின் கீழ் சில சிட்டிங்குகள் இலவசமாகவே கிடைக்கும், எச்.ஆர். மெயில்களுக்கு நடுவே அது புதைந்து கிடக்கும்.

அரசு மருத்துவமனை என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது சரியல்ல. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கிய நிறுவனம். அங்கே தினமும் புறநோயாளிகள் பிரிவு நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், டாக்டருக்கு நேரம் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நோய் என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்ளவும், மாத்திரை வாங்கவும் பைசா செலவில்லை.

காப்பீடு? மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாராந்திர தெரபிக்கு, புறநோயாளிச் செலவுக்கான பிரிவு பாலிசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே சட்டம் ரகசியத்தையும் உரிமையாக்கியிருக்கிறது. 18 வயது தாண்டிய ஒருவர் தெரபிக்குப் போக வீட்டில் அனுமதி வாங்கத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சொன்னது வெளியே போகக் கூடாது. ‘அம்மாவைக் கூப்பிட்டுப் பேசட்டுமா?’ என்று உங்களைக் கேட்காமலேயே போனை எடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

எப்போது எழுந்து வரலாம்?

முதல் சிட்டிங்கில் பெரும்பாலும் அவர் கேட்பார், நீங்கள் பேசுவீர்கள். தூக்கம், சாப்பாடு, குடும்பம், முன்பு எடுத்த மருந்து, இப்போது ஏன் வந்தீர்கள் என்பது வரை விசாரிப்பார். அன்றே மனசு லேசாகிவிடாது. சிலருக்குக் கிளறிவிட்ட மாதிரி இன்னும் பாரமாகக்கூட இருக்கும். அது தப்பான ஆள் என்பதற்கு அடையாளம் இல்லை. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தெரபிஸ்ட்டுக்கும் வருபவருக்கும் இடையே உருவாகும் நம்பிக்கை பலனைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நம்பிக்கை வரவில்லை என்றால் மாற்றுவது துரோகம் ஆகாது.

ஆனால் சில விஷயங்களுக்கு இரண்டாவது வாய்ப்பே தேவையில்லை. ‘மூணே சிட்டிங்ல க்யூர்’ என்ற உத்தரவாதம், சாதி விசாரணை, பரிகாரம் சொல்வது, இரவு நேரத்தில் தேவையில்லாத வாட்ஸ்அப் மெசேஜ், டாக்டரைக் கேட்காமலேயே ‘மாத்திரையை நிறுத்திடுங்க’ என்பது. தன்பாலின ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அது சட்டப்படியே தப்பு. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க முடியாத இரவுகளும் வரும். 14416 என்ற டெலி மனாஸ் எண் 2022 அக்டோபர் முதல் செயல்படுகிறது. 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமில்லாமல் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

துரைப்பாக்கத்துப் பெண் எட்டு மாதம் கழித்து மறுபடி தேடினார். இந்த முறை ஆர்.சி.ஐ. பட்டியலில் பெயரைச் சரிபார்த்த பிறகு, ஒரு செயலி வழியாக. கிடைத்தவர் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் பெங்களூருக்காரர், தமிழ் வராது. மூன்றாவது சிட்டிங்கில் தயங்கித் தயங்கி, ‘வீட்டு விஷயத்தை இங்கிலீஷ்ல சொல்ல வரல’ என்று சொல்லிவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே தமிழ் தெரிந்த இரண்டு பேரின் பெயரைக் கொடுத்தார். ‘நீங்கள் சம்மதித்தால் இதுவரை எடுத்த குறிப்புகளையும் அவருக்கு அனுப்புகிறேன்’ என்றார்.

இப்போது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, விடுதி மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் இயர்போனோடு உட்கார்கிறார். அந்த நேரத்தில் அம்மா போன் செய்தால், ‘ஆபீஸ் கால்ல இருக்கேன்மா’ என்று மெசேஜ் போகிறது.