உஷார்! டார்கெட் ஏறுகிறதா? முதலில் மேலிடத்தைப் பாருங்கள்

பெங்களூரில் சேல்ஸ் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஓசூரைத் தாண்டக் காத்திருப்பவர்களே, இது உங்களுக்குத்தான்.

மாதாமாதம் டார்கெட் ஏறுகிறது. இன்சென்டிவ் கேட்டால் "அடுத்த மாசம் சேர்த்து வரும்" என்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ரிவ்யூ கால். பத்துப் பேர் கேட்க ஒருவரை நிறுத்தி வைத்துத் திட்டுகிறார்கள். பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. இவ்வளவையும் பார்த்துவிட்டு, நமக்குத்தான் விற்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று பி.ஜி. அறையில் படுத்து உங்களையே நொந்துகொள்கிறீர்கள்.

நொந்துகொள்ளாதீர்கள். தலைமை தடுமாறும் கம்பெனியில் முதல் அடி சேல்ஸ் ஆட்கள் மேல்தான் விழும். மேலே எடுத்த தப்பு முடிவுகளால் பணம் கரைகிறது. புதுப் பணத்தை இந்த வாரமே கொண்டுவரக்கூடியவர் நீங்கள்தான். ஆகவே மேலிடத்தின் பயம் உங்களிடம் டார்கெட்டாக வந்து சேர்கிறது. அதை உங்கள் திறமைக் குறைவு என்று நம்பிவிட்டால், வெளியேற வேண்டிய நேரத்தில் இன்னும் நாலு கால் கூடுதலாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கண்முன்னே நடந்தது

பெங்களூரில் தொடங்கிய ஆன்லைன் கல்வி நிறுவனம் பைஜூஸை எல்லோருக்கும் தெரியும். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர் இருந்தது. கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அது ஸ்பான்சர். சுமார் 50,000 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் சேல்ஸ் பிள்ளைகள் ஏராளம். பலருக்கு அதுதான் முதல் வேலை.

நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 2020-21 நிதியாண்டுக் கணக்கை அந்த நிறுவனம் 2022 செப்டம்பரில்தான் வெளியிட்டது. ஆண்டு முடிந்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. நஷ்டம் 4,588 கோடி ரூபாய். அடுத்த மாதமே 2,500 பேரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வற்புறுத்தி ராஜினாமா எழுதி வாங்குகிறார்கள் என்று திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஊழியர்கள் கேரளத் தொழிலாளர் அமைச்சரிடமே முறையிட்டார்கள். அதற்கடுத்த மாதம், நவம்பரில், கால்பந்து வீரர் மெஸ்ஸி அதன் விளம்பரத் தூதர் ஆனார்.

2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனர் பைஜு ரவீந்திரனுக்குச் சம்மன் அனுப்பியது. பெற்றோரை விடாமல் துரத்தி விற்கிறார்கள், தாங்க முடியாத கடனில் சிக்கவைக்கிறார்கள் என்பது புகார். நிறுவனம் அதை மறுத்தது. பிறகு, வீடு தேடிப்போய் விற்பதை நிறுத்திவிட்டதாகவும், மாத வருமானம் 25,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு விற்பதில்லை என்றும் சொன்னது. யாருக்கு எப்படி விற்பது என்று கொள்கை வகுப்பவர்கள் மாடியில் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாய் தகப்பன் முகத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டியவர் இருபத்து மூன்று வயதுப் பையனோ பெண்ணோ. நாளைக்கு அந்தக் குடும்பம் நினைவு வைத்திருப்பதும் அந்த முகத்தைத்தான்.

2023 ஜூனில் ஆடிட்டர் டெலாய்ட் விலகியது. முதலீட்டாளர்களின் பிரதிநிதிகளாக இருந்த மூன்று இயக்குநர்களும் விலகினார்கள். ஊழியர்களின் பி.எஃப். பணம் தாமதமாகக் கட்டப்பட்டதும் அதே சமயத்தில் வெளியே வந்தது. 2024 தொடக்கத்தில் சம்பளம் தடைப்பட்டது; பன்னேர்கட்டா சாலைத் தலைமையகம் தவிர மற்ற அலுவலகங்களைக் காலி செய்தார்கள். ஏப்ரலில் சேல்ஸ் ஊழியர்களின் சம்பளத்தை, அந்தந்த வாரம் அவர்கள் வசூலித்துத் தரும் பணத்தோடு இணைத்தார்கள். ஜூலை 16 அன்று, 158 கோடி ரூபாய் பாக்கிக்காக இந்தியக் கிரிக்கெட் வாரியம் தொடுத்த வழக்கில், பெங்களூர் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்குள் கொண்டுவந்தது. நடுவில் மேல்முறையீட்டில் ஒரு சமரசம் ஏற்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 23-ல் அதை ரத்து செய்தது.

கணக்கு வெளிவராமல் இழுத்தடிக்கத் தொடங்கியதற்கும் சம்பளம் நின்றதற்கும் நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. வெளியேற நேரம் இருந்தது. அந்த அறிகுறிகளை எப்படிப் படிப்பது என்று சேல்ஸ் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எதைப் பார்க்க வேண்டும்?

மேலாளரின் பேச்சை விட்டுவிடுங்கள். காகிதத்தைப் பாருங்கள்.

*பி.எஃப். பாஸ்புக்:* உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-க்குள் கம்பெனி கட்டியாக வேண்டும். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால், கம்பெனி உங்கள் பணத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

*வருமான வரி:* பிடித்த டி.டி.எஸ். அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

*ஆண்டுக் கணக்கு:* கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், சிறு கட்டணம் கட்டினால் எந்தக் கம்பெனியின் கணக்கையும் யாரும் எடுக்கலாம். கணக்குத் தாக்கல் ஆகாமல் கிடக்கிறதா? ஆடிட்டரோ நிதித் தலைவரோ திடீரென்று விலகினார்களா? உடனே வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

*சம்பளத்தின் உடைப்பு:* நிலையான சம்பளத்தைக் குறைத்து "வேரியபிள்" பக்கம் தள்ளினால், கம்பெனியின் நஷ்டத்தை உங்கள் தலையில் இறக்குகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, "ஊதியம்" என்பதற்குத் தரும் வரையறையில் கமிஷனைப் பொதுவாகச் சேர்க்கவில்லை. ஆகவே பத்து லட்சம் என்று பேசும் ஆஃபரில் கமிஷன் போக நிற்பது எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

எதைச் செய்யவே கூடாது?

டார்கெட்டை நிரப்ப உங்கள் கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள். வாடிக்கையாளர் பணத்தை உங்கள் சொந்த யு.பி.ஐ.-யில் வாங்காதீர்கள். கடனை "மாதத் தவணைதான், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று சொல்லி விற்காதீர்கள். "மேலாளர்தான் சொல்லச் சொன்னார்" என்பது நாளைக்குப் போலீஸ் நிலையத்தில் உங்களைக் காப்பாற்றாது. மேலாளர் அதை வாயால் சொல்லியிருப்பார். வாட்ஸ்அப்பில் இருப்பது உங்கள் எழுத்து.

போனில் மிரட்டினார்கள் என்பதற்காக ராஜினாமா மெயில் அனுப்பாதீர்கள். "நீக்குவதென்றால் எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். நீங்களாகப் போனதாக எழுதிக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு எதிர்த்து வாதாடுவது கஷ்டம்.

இப்போதே செய்ய வேண்டியது

ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப்புகள், இன்சென்டிவ் விதிகள் அடங்கிய மெயில், உங்களுக்கு வரவேண்டிய பாக்கி பற்றிய கடிதங்கள் எல்லாவற்றையும் உங்களிடமே தனியாகப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி லேப்டாப் ஒரு காலைப்பொழுதில் பூட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் தொடாதீர்கள். அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ, சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. "ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்" என்று ஹெச்.ஆர். சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள். தரவில்லையென்றால், பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் இருக்கும் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுங்கள். பி.எஃப். புகாரை இணையத்திலேயே பதியலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள். கர்நாடக மாநில ஐ.டி., ஐ.டி.இ.எஸ். ஊழியர் சங்கத்தின் உதவியைக் கேளுங்கள்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டதா? உங்கள் பாக்கி தானாக வராது. தீர்வு அலுவலரிடம் (ரெசல்யூஷன் புரொஃபஷனல்) படிவம் 'டி'-யில், பொது அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் உரிமை கோர வேண்டும். சட்டத்தின் வரிசையில் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கிக்கு முன்னுரிமை உண்டு. 'தொழிலாளர்' என்ற சட்ட வரையறைக்குள் வராத மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்குப் பிறகுதான். சேல்ஸ் ஆட்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். அந்தக் கட்டம் வரை காத்திருக்க வேண்டாம் என்று இத்தனை தூரம் சொல்வது அதனால்தான்.

தூக்கம் போய்விட்டது, காலையில் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416-க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மனஸ் உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம். வீட்டுக்கும் உண்மையைச் சொல்லுங்கள். வேலை சரியில்லை என்று மகன் சொன்னால், மகள் சொன்னால், "எங்கேதான் கஷ்டம் இல்லை, பொறுத்துக்கோ" என்று பெற்றோரே நீங்கள் வாயை அடைக்காதீர்கள். பி.எஃப். கட்டுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

இன்றிரவு தூங்கும் முன் அந்தப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கடைசி மூன்று மாத வரவு சரியாக இருந்தால் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். இல்லையென்றால், நாளைய முதல் கால் வாடிக்கையாளருக்கு இல்லை; உங்களுக்கு அடுத்த வேலை தரக்கூடியவருக்கு.