வேலியில் ஏறிய உழிஞை

முடக்கத்தானைப் பலர் முதலில் தோசையில்தான் சந்தித்திருப்பார்கள். கொடியாகப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்குப் பின் ஏதாவது வேலிப்பக்கம் போக வேண்டும். முள்வேலியோ கம்பிவேலியோ பக்கத்துச் செடியோ, எது அகப்பட்டாலும் ஏறிவிடும். அதற்கான பற்றுக்கம்பிகள் பூங்காம்பிலேயே, பூக்களுக்குச் சற்றுக் கீழே சுருண்டிருக்கும். பூ வெள்ளை, மிகச் சிறியது. கண்ணில் படுவது காய்தான்: மூன்று பட்டையாக உப்பிய மெல்லிய பச்சைப் பை. விரலால் அழுத்தினால் பட்டென்று வெடிக்கும்.

பெயரைப் பிரிப்பது எளிது. முடக்கு என்றால் கைகாலை மடக்க, நீட்ட முடியாமல் பிடித்துக்கொள்வது. அதை அறுப்பதால் முடக்கறுத்தான். முடக்கற்றான் என்றும் சொல்வார்கள். காற்று காத்தாகவும் நாற்று நாத்தாகவும் ஆன அதே பேச்சுவழியில் முடக்கற்றான் முடக்கத்தான் ஆகிவிட்டது. பெயரில் இருப்பதாலேயே வைத்தியம் பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெயர் வைத்தவர்கள் இதை எதற்காகப் பறித்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயரிட்டபோது மூட்டுவலியெல்லாம் அவர் கணக்கில் இல்லை. அவர் பார்த்தது விதையை. காய்ந்த பையைப் பிரித்தால் மிளகளவில் கறுப்பு விதைகள் மூன்று. ஒவ்வொன்றிலும், காயோடு ஒட்டியிருந்த இடத்தில், வெள்ளையாக ஓர் இதய வடிவம். கிரேக்கத்தில் கார்டியா இதயம், ஸ்பெர்மா விதை. கார்டியோஸ்பெர்மம் என்ற பேரினப் பெயர் அப்படி வந்தது.

இவை இரண்டையும்விட எனக்குச் சுவையாகத் தோன்றுவது மூன்றாவது பெயர், உழிஞை. கோட்டையை முற்றுகையிடுவதை உழிஞைத் திணை என்கிறது தொல்காப்பியம். முற்றுகையிடுவோர் சூடிய உழிஞை முடக்கத்தானே என்பது அறிஞர் பலரின் கருத்து. மதிலேறும் போருக்கு ஏறுகொடியைச் சூடியது பொருத்தம்தான். வேறு கொடியைச் சொல்வோரும் உண்டு. ஆனால் மலையாளத்தில் முடக்கத்தானுக்கு இன்றும் உழிஞ என்றே பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான, மலபார்ச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ தொகுதிகளிலும் இது உழிஞ என்ற பெயரோடுதான் இருக்கிறது.

தமிழில் அந்தச் சொல் இலக்கண வகுப்போடு நின்றுவிட்டது. கேரளத்திலோ உழிஞ தசபுஷ்பங்களில், அதாவது பத்துப் பூக்களில், ஒன்று. திருவாதிரை இரவில் பெண்கள் கூந்தலில் சூடுவது. பேர்தான் பூ. சூடுவது பெரும்பாலும் இலையைத்தான்.