பதினாறாயிரம் மீட்டருக்கு எத்தனை கிலோ?

அக்கா மகள் பிளஸ் ஒன் மாணவி. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. நான் போன வாரம் அங்கே போனபோது, மெயின்கார்டு கேட் பக்கம் வாங்கிய பழைய புத்தகத்தை மடியில் விரித்து அந்த நிழலில் உட்கார்ந்திருந்தாள். கையில் பென்சில். ஜூல் வெர்ன் 1869-70இல் தொடராக எழுதிய, நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியும் கேப்டன் நெமோவும் வரும் இருபதாயிரம் லீக் கடல் பயணக் கதை அது.

"இருபதாயிரம் லீக் ஆழம்னு நெனச்சேன் சித்தி. தூரமாம்!" என்றாள். வெர்னின் கணக்கில் ஒரு லீக் நான்கு கிலோமீட்டர். மொத்தம் 80,000 கிலோமீட்டர், பூமியை இரண்டு முறை சுற்றும் தூரம். அது ஆழமாக இருக்கவே முடியாது: பூமியின் குறுக்களவே ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர்தான்.

ஆனால் அவளைப் பிடித்து வைத்திருந்தது தூரமல்ல, அழுத்தம். கதையின் தொடக்கத்திலேயே பேராசிரியர் அரொனாக்ஸ், திமிங்கில வேட்டைக்காரன் நெட் லேண்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: சும்மா நிற்கும்போதே உன் உடம்பின் மீது காற்று 17,568 கிலோ பாரத்தை வைத்திருக்கிறது, உள்ளிருந்தும் அதே அழுத்தம் இருப்பதால் உனக்குத் தெரியவில்லை. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு காற்றுமண்டலத்தின் பாரம் கூடும். அந்தப் பக்க ஓரத்தில் அவள் எழுதியிருந்தது: "தாத்தாவிடம் கேட்க."

தாத்தா, அதாவது என் அப்பா, பாய்லர் பிளான்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960களில் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு தொடங்கிய ஆலை அது. அழுத்தம் அவருக்கு அன்றாடச் சொல். எப்போதும் 'கிலோ' என்றுதான் சொல்வார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று பொருள்.

"பெரிய பாய்லர் டிரம்முல நூத்தியெண்பது கிலோ இருக்கும்மா. உன் கடல்ல அது எவ்வளவு ஆழம்?"

பத்து மீட்டருக்கு ஒரு கிலோ என்று அவள் விரல் விட்டுச் சொன்னாள்: "ஆயிரத்து எண்ணூறு மீட்டர் தாத்தா."

வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஆலையில், ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உருளைகளைச் செய்கிறார்கள்! ஒன்றே முக்கால் மீட்டர் உள்விட்டமுள்ள ஒரு டிரம்முக்குத் தகட்டின் தடிமன் 15 சென்டிமீட்டரைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறத்தாழ 356 டிகிரி வேண்டும். பசிபிக் கடலடியில் 1979இல் கண்டுபிடித்த ஊற்றுகளில் 350 டிகிரியைத் தொடும் வெந்நீர் கொதிக்காமல் பீறிட்டதற்கும் இதுவே காரணம். வெர்ன் அறியாத அதிசயம் அது.

அப்பா காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். அதை ஒரு பக்கம் நசுக்கிவிட்டு வாய் வைத்து ஊதினார். நசுங்கல் டப்பென்று நிமிர்ந்தது. பிறகு உறிஞ்சினார். எங்கே கொஞ்சம் பள்ளமோ அங்கேயே பாட்டில் உள்ளே மடிந்தது. உள்ளிருந்து வரும் அழுத்தம் கோணலை நிமிர்த்தப் பார்க்கும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் கோணலைத் தேடிப்போய்ப் பெரிதாக்கும். நீர்மூழ்கி செய்வது பாய்லர் செய்வதைவிட வேறு வகையில் கடினம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு நாட்டிலஸுக்கு வந்தார்கள். 70 மீட்டர் நீளம், 8 மீட்டர் விட்டம், வெளித்தகடு 5 சென்டிமீட்டர். கதையில் அது 16,000 மீட்டர் ஆழம் இறங்குகிறது. உலகின் மிக ஆழமான சேலஞ்சர் பள்ளமே சுமார் 10,900 மீட்டர்தான். அதை விட்டுவிட்டாலும் அழுத்தம் 1,600 கிலோ. ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால், தகட்டின் மேல் விழும் சுமை சதுர சென்டிமீட்டருக்கு 1,28,000 கிலோ. சாதாரண எஃகு ஏறத்தாழ 2,500 கிலோவிலேயே இளகிவிடும். ஐம்பது மடங்கு! உள்ளே இன்னொரு தகடும் கம்பிகளும் இருப்பதாக வெர்ன் எழுதியிருந்தாலும் போதாது.

இதனால் அவளுக்குப் புத்தகத்தின் மேல் மதிப்புக் குறையவில்லை. எனக்கும்தான். வெர்ன் தடிமனையும் ஆழத்தையும் மறைக்காமல் எழுதியதால்தான் நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு பள்ளி மாணவி அவரைச் சரிபார்க்க முடிகிறது.

கதையிலிருந்து பேச்சு நிஜ நீர்மூழ்கிக்கு வந்தது. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கி மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோக வேண்டியது. ஆட்கள் உட்காரும் இடம் உருளையல்ல, உருண்டை. ஒரே ஆரம், ஒரே தடிமன் என்றால் உருண்டையின் சுவரில் உருளையின் சுமையில் பாதிதான் விழும். உள்விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மில்லிமீட்டர் டைட்டானியம் கலவை. அவள் அதற்கும் கணக்குப் போட்டாள்: சுமார் 4,100 கிலோ. அந்த உலோகம் தாங்குவதில் ஏறத்தாழ பாதி. "இது நிக்கும்" என்றார் அப்பா. 2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் அட்லாண்டிக்கில் பயிற்சிக்காக அடுத்தடுத்த நாள்களில் 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் இறங்கினார்கள். அவர்களைச் சுமந்த பிரெஞ்சுக் கலத்தின் பெயர் நாட்டீல்.

கதையில் அவள் இரண்டு முறை படித்தது நம் மன்னார் வளைகுடாவில் நடக்கும் அத்தியாயத்தை. முத்துக் குளிக்கும் ஓர் ஏழையைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்ந்து அவனைக் காப்பாற்றி, முத்துப் பை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். நெமோ யார் என்பதை வெர்ன் அடுத்த சில ஆண்டுகளில் எழுதிய 'மர்மத் தீவு' சொல்கிறது: 1857இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார். அதை நான் சொன்னதும் அவள் சட்டென்று புத்தகத்தைத் திருப்பி முத்துக் குளிக்கும் பக்கத்தை எடுத்தாள்.

அங்கேயும் ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தது. காலில் கல்லோடு இறங்கும் அந்த மனிதருக்கு ஐந்து மீட்டர் என்று வைத்து எழுதியிருந்தாள்: "அரை கிலோ. தகடு இல்லை. காது வலிக்கும்."